வேம்புவின் ஈரல் துண்டு

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வேம்புவுக்குக் கண் மஞ்சளானபோது, விருத்தாசலத்தில் அவள் தெருவில் வைத்தியம் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து ஆறு மாதம் ஊற்றினார்கள். மஞ்சள் போவதும் வருவதுமாக இருந்தது. மருந்து தோற்றதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் பழியை அவள் தலையில் போட்டார்கள். ஈரல் கெடுகிறதென்றால் திருட்டுத்தனமாகக் குடிக்கிறாளாம். இதைக் கண்டுபிடித்த மேதை, நாத்தனார் திரௌபதி. அவளுடைய தம்பி, அதாவது வேம்புவின் புருஷன் சிங்காரவேல், தினமும் சாயங்காலம் பிராந்திக்கடைக்குப் போய்த் தள்ளாடி வருவது மட்டும் அந்த மகராசி கண்ணில் படவே இல்லை. பேச்சு அவள் வேலை பார்த்த பீங்கான் பட்டறை வரை போய், முதலாளி வேம்புவை வேலைக்கு வரவேண்டாம் என்றார். நோயைவிட அந்தக் கெட்ட பேர்தான் அவளைச் சுட்டது.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, ரத்தத்தை மட்டும் வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு ஈரலில் நூல் அளவு துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். கூட வந்த திரௌபதி, உயிரோடு இருப்பவளை அறுப்பதா என்று வராண்டா அதிர ஒப்பாரி வைத்தாள். சிங்காரவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முடிவெடுக்கும் நேரத்தில் அவன் எப்போதும் அப்படித்தான்.

வேம்பு பதினோரு வருஷம் பட்டறையில், மின்சார ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கட்டைகளைச் சோதித்தவள். சூளை பிரித்ததும் ஒரு கட்டையை உடைத்து, உடைந்த இடத்தில் மை தடவுவாள். மை உள்ளே ஊறினால் கட்டை சரியாக வேகவில்லை. மேல் பளபளப்பை நம்பி அவள் ஒருநாளும் சரக்கை அனுப்பியதில்லை.

"எடுங்கம்மா. ஒடச்சுப் பாக்காம உள்ள எப்படி இருக்குதுன்னு யாரு சொல்ல முடியும்?" என்று கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. குடிகாரர் ஈரலில் சேரும் கொழுப்பு அந்தத் துண்டில் இல்லை. ஒட்டுகிற நோயும் இல்லை. கிருமியோடு சண்டை போடவேண்டிய அவளுடைய சொந்த அணுக்களே ஈரலைச் சூழ்ந்து அரித்திருக்கின்றன, மாத்திரையால் அடக்கலாம், ஆனால் நம் இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். வேம்பு அங்கேயே அழுதாள். உயிர் பிழைத்ததற்குப் பாதி, பேர் பிழைத்ததற்குப் பாதி.

பட்டறை முதலாளி ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். திரௌபதியா அசருவாள்? குடியில்லை என்று அதில் எழுதியிருக்கிறதா என்று தெருவே கேட்கும்படி கேட்டாள்.

"எழுதியிருக்குது அண்ணி. சந்தேகமா இருந்தா ஒங்க தம்பியயும் அழச்சிக்கிட்டுப் போவோம். அவரு ஈரல்லயும் ஒரு துண்டு எடுக்கட்டும். ரெண்டு சீட்டயும் நானே தெருவுல படிச்சிக் காட்டுறேன்."

திரௌபதி உள்ளே போனாள். சிங்காரவேல் அன்று சாயங்காலம் வீட்டைவிட்டு அசையவில்லை. மறுநாள் பிராந்திக்கடைக்குப் போனான், கொல்லைப்புறமாக.