கதை சொல்ல வராத ரீச்சர்

காலை பத்து மணியானதும் அவித்த பயற்றின் வாசம் கிடுகுக் கொட்டிலின் பின்புறமிருந்து வரும். வாவிக் காற்று அடிக்கிற நாட்களில் அதோடு சேற்று மணமும் கலந்து வர, பாயில் இருந்த நாங்கள் பதினேழு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவோம். தேற்றாத்தீவில் நான் படித்த பாலர் பாடசாலையில் ஒரு கொட்டில், நான்கு பாய், ஒரு கரும்பலகை, யோகம் ரீச்சர் என்பவற்றைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

ரீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கலாம். அவருக்குப் பேச்சுத் திக்கும். சில சொற்கள் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிடும்; கழுத்து நரம்பு புடைக்க, கண் ஒருமுறை மூடித் திறக்க, அதன் பிறகுதான் சொல் வெளியே வந்து விழும். ஊரில் சிலர் அவரைக் "கொன்னை ரீச்சர்" என்றார்கள். வேறு எவரும் முன்வராததால்தான் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது என்பதை நான் வளர்ந்த பிறகே அறிந்தேன்.

அது போர்க்காலம். வெளியாட்கள் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லும்படி வீடுகளில் எங்களைப் பழக்கியிருந்தார்கள். பழகிய பழக்கத்தில் நாங்கள் எல்லோரிடமும் அதையே சொன்னோம். பெயர் என்ன என்றாலும் தெரியாது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றாலும் தெரியாது.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறொரு ரீச்சர் என்றால் கதை சொல்லிக்கொடுத்திருப்பார். ரீச்சரால் நீளமாகக் கதை சொல்ல முடியாது. ஆகவே வாவிக்கரையில் கிடந்த ஏதாவது ஒன்றை எடுத்துவந்து பாயின் நடுவில் வைப்பார். ஒருநாள் உடைந்த துடுப்பு, ஒருநாள் நண்டு ஓடு. "இது எப்பிடி இஞ்ச வந்திச்சு?" என்று கேட்பார். யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், "மறுகா?" என்பார். "பிறகு" என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் தடுக்கி நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பிள்ளை மேலே பார்க்கும், கீழே பார்க்கும், பாயின் நாரைப் பிய்க்கும்; அவர் அசையமாட்டார். சொல்லிக்கொண்டிருப்பவர் தடுமாறினால் மற்றவர்கள் சொல்லை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் வகுப்பின் சட்டம்.

மீன்பிடிக்காரர் ஒருவரின் மகன் தவம், மூன்று மாதமாகத் "தெரியாது" தவிர வேறெதுவும் சொல்லாதவன். ஒரு காலை ரீச்சர் கொண்டுவந்து வைத்த ஒற்றைச் செருப்பைப் பார்த்ததும், அப்பாவின் செருப்பும் இப்படித்தான் என்றான். "மறுகா?" தோணி கவிழ்ந்தது என்பதைக் கையைப் புரட்டிக் காட்டினான். அதை வாயால் எப்படிச் சொல்வது என்று ரீச்சர் கேட்க, யோசித்து, "தோணி குப்புறப் படுத்திச்சு" என்றான். அப்பா ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்ததையும், அம்மா முதலில் அழுது பிறகு செருப்பில்லாத அந்தக் காலைப் பார்த்துச் சிரித்ததையும் அவன் சொல்லி முடிக்கும்வரை பயறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

இப்படி இருந்த ரீச்சரின் வேலைக்கு என்னால்தான் ஆபத்து வந்தது. ஒரு மாலை, அம்மா பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, நான் ரீச்சரைப் போலத் திக்கிப் பேசிக் காட்டினேன். அப்பா சிரித்தார், வந்திருந்த மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடித்துப்போனதால் அடுத்த நாளும் செய்தேன், அதற்கடுத்த நாளும் செய்தேன். எனக்கும் திக்குவாய் ஒட்டிவிட்டதோ என்று அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. அவர் பெற்றோர் குழுவின் செயலாளர். மற்றத் தாய்மாரிடம் சொல்ல, தங்கள் பிள்ளையும் இப்போது நின்று நின்றுதான் பேசுகிறது என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டிலில் கூட்டம் வைத்தார்கள்.

நாங்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தோம். அம்மா எழுந்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நீங்க நல்ல புள்ள, ரீச்சர். ஆனா இதுகள் கதைக்கப் பழகுற வயசு. ஒருக்கா நாக்கில ஒட்டிட்டா விடாது." பதில் சொல்ல ரீச்சர் எழுந்தார். "எனக்குக் க... க..." என்று தொடங்கியதும் சொல் நின்றுவிட்டது. உதவி செய்வதாக நினைத்து ஒருவர் "கவலையா?" என்றார், இன்னொருவர் "கல்யாணமா?" என்றார். ரீச்சரின் முகம் சிவந்து, அவர் கீழே பார்க்கத் தொடங்கினார். எங்கள் சட்டத்தைப் பெரியவர்கள் மீறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். நின்ற பிறகு பேச வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சரும் பார்த்தார், அந்த நிலையிலும் என்னிடம் மெதுவாக, "மறுகா?" என்றார்.

நான் சொன்னேன். அம்மா பூசணிக்காய் வெட்டியதிலிருந்து தொடங்கி, நான் பேசிக் காட்டியது, அப்பா சிரித்தது, மாமா சிரித்தது, அவர்கள் இன்னும் சிரிக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் செய்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "எனக்கு ஒண்டும் ஒட்டல்ல. நான் சும்மாதான் செஞ்சன்" என்று முடித்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் நான் தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு நீளமாக நான் சொன்னதுதான் அவரை நிறுத்தியிருக்கவேண்டும். ரீச்சரின் பக்கம் திரும்பி, "சொல்லுங்க ரீச்சர். நாங்க கேக்கிறம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ரீச்சர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. இந்த முறை எவரும் வாய் திறக்கவில்லை. "எனக்குக் கதை சொல்ல வராது. அதாலதான் புள்ளயளச் சொல்லச் சொல்லுறன்" என்றார் அவர். அவ்வளவுதான். ரீச்சரை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு எவரும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா என்னை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை; அன்றைக்கு வைத்த பூசணிக்காய்க் கறி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்தக் கொட்டில் இல்லை. அந்த இடத்தில் ஓடு போட்ட கட்டடம் நிற்கிறது, சுவரெல்லாம் பூவும் முயலும். கலைவிழாவில் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்க, பெற்றோர் போனில் படம் எடுக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை அடுத்த சொல்லைத் தேடித் திணறும்போது சும்மா இருக்க அங்கே எவருக்கும் நேரமில்லை. அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. நான் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில், மக்கள் வந்து சொல்லும் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதும் வேலையில் இருக்கிறேன்.

கலியாணம் முடித்துக் கரடியனாற்றுக்குப் போன ரீச்சர் அங்கேயும் ஒரு பாலர் பாடசாலை நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்ற என்னை அடையாளம் கண்டுகொண்டதும் முகம் மலர்ந்தார். ஆனால் எழுந்து வரவில்லை, ஒரு கையை மட்டும் உயர்த்தி, "ஒள்ளுப்பம் இரிங்க" என்று கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். அவர் முன்னால் ஒரு சின்னப் பெண்பிள்ளை, தங்கள் வட்டை வயல்வெளிக்குள் யானை வந்து பயிரை மிதித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் அவள் சட்டைப் பொத்தானைத் திருகினாள். ரீச்சர் அவள் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. நான் வெயிலில் நின்றேன். திரும்பிப் போக நினைத்திருந்த பஸ் தெருவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. யானை இன்னும் வயலைவிட்டு வெளியேறவில்லை.