கன்றுக்குட்டியைப் பற்றிக் கேள்வி இல்லை

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனாலோ என்னவோ, எழுத்து என்று எது கைக்கு வந்தாலும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். மாத்திரையோடு வரும் மடித்த காகிதம், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, பேருந்துச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும். படிக்காமல் விட்ட வரியில்தான் நமக்கு வினை உட்கார்ந்திருக்கும் என்று ஒரு பயம். என் மகளும் என்னிடமிருந்தே இதைக் கற்றாள். பாடமானாலும் பத்திரிகையானாலும் மேலிருந்து கீழ்வரை நிதானமாகத்தான் வாசிப்பாள். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பன்னிரண்டாவதில் அந்தப் பெருமையே வினையானது. வெளிமாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு. அதில் மொழித்தாளுக்குத் தமிழை எடுத்திருந்தாள். நீளமான பத்திகளைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்கள். மாதிரித் தேர்வில் கடைசிப் பத்திகளுக்கு வருவதற்குள் இவளுக்கு நேரம் முடிந்துவிட்டது. தெரியாமல் விட்டதல்ல, தொடாமல் விட்டது. இப்படியே போனால் இடம் கிடைக்காது என்று பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். படிப்பு பாதியில் நின்றால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று ஆட்டிய மாவில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதே நினைவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அந்த மையம். பெற்றோர்களையும் பிள்ளைகளோடு உட்கார வைத்து ஆசிரியர் பேசினார். சின்ன வயசு ஆள்.

"பத்தியத் தொடாதீங்க. முதல்ல கேள்வியப் படிக்கோணும். கேள்வியில ஒரு முக்கியமான சொல்லு இருக்கும். அதப் பத்தியில தேடோணும். கெடைச்சதா? மேல ஒரு வரி, கீழ ஒரு வரி. அவ்வளவுதானுங்க, விடை அங்கதான் இருக்கும்."

எனக்குப் பகீர் என்றது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குக் கடப்பாரை இரவல் கேட்கப் போனால்கூட, வாசலில் நின்று கடப்பாரை என்று சொல்லமாட்டோம். உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, மழை உண்டா என்று கேட்டு, மாடு கன்றையெல்லாம் விசாரித்து, எழுந்து வரும்போதுதான் வாயைத் திறப்போம். இந்த ஆள் என் மகளைச் செருப்போடு உள்ளே போய்க் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறாரே என்றிருந்தது.

"ஏனுங்க சார், முழுசாப் படிக்காம எப்படிங்க பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த ஒரு பையனின் அப்பா திரும்பினார். "ஏனுங்க்கா, கல்யாணத்துக்குப் போனா எலையில வெச்சதெல்லாம் தின்னுபோட்டுத்தான் எந்திரிப்பீங்களா?"

"வெச்சத மிச்சம் வெக்கறது எங்க ஊட்டுப் பழக்கம் இல்லீங்க."

"நீங்க தின்னு எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த பந்தியே தின்னு முடிச்சுக் கை கழுவிப்போடுவாங்க," என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதையே பழக ஆரம்பித்தாள். சரியான விடையைத் தேடாதே, தப்பானதைத் தள்ளு என்பது அடுத்த பாடம். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்கிற விடைகளைச் சந்தேகப்படு.

"இதென்ன கண்ணு அநியாயம்?" என்றேன்.

"பெரீம்மா மாப்ள பாக்கறாப்லதானுங்கம்மா. நல்லவனா தேடறாங்க? கெட்டவனையெல்லாம் தள்ளிப்போட்டு, மிச்சம் நிக்கறவனுக்குக் கட்டி வெக்கறதுதான்."

கைபேசியில் நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு நாள் மதியம், அவள் எழுதிக்கொண்டிருக்க, அதே வினாத்தாளின் இன்னொரு படியை எடுத்து நானும் படித்தேன். முதல் பத்தி ஒரு ஆளைப் பற்றியது. அடைமழையில் சீக்கான கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கிறான். பள்ளத்தில் வெள்ளம். சுற்றிக்கொண்டு போகிறான். வழியெல்லாம் அதனோடு பேசுகிறான். பாதி வழியிலேயே அது செத்துவிடுகிறது. அவனுக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே போகிறான்.

எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவள் எல்லாவற்றையும் முடித்து விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்தியில் ஒன்றுகூடத் தப்பில்லை. நேரமும் மிச்சம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாவம் கண்ணு அந்தக் கன்னு," என்றேன்.

"எந்தக் கன்னுங்கம்மா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "அதுதான், தோள்லயே செத்துப்போச்சே."

"செத்துப்போச்சா?" தாளைத் திருப்பிப் பார்த்தாள். மழைக்காலத்துக்கு வேறு பெயர் என்ன, அவன் ஏன் பள்ளத்தைச் சுற்றிப் போனான், பத்திக்குப் பொருத்தமான தலைப்பு எது என்றுதான் கேள்விகள் இருந்தன. "அதக் கேக்கலீங்கம்மா," என்றாள்.

தப்பாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். எல்லாம் சரி. தலைப்புகூடச் சரி. ஒரு உயிர் போனது தெரியாமலே அந்தக் கதைக்குச் சரியான பெயர் வைத்திருக்கிறாள். நான் பெற்ற பிள்ளை. அதற்கு மேல் என்ன கேட்பது? இடம் கிடைக்க வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு அடுத்த தாளுக்கு நேரம் வைத்தேன்.

தேர்வு ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில், கணினியில் நடந்தது. வேப்பமர நிழலில் எங்களைப் போல நிறையப் பேர். அவள் வெளியே வந்தபோது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"முடிச்சியா சாமி?"

"முடிச்சுட்டனுங்கம்மா. நேரங்கூட மிச்சமிருந்துது."

"அப்பாடா. மறுக்கா ஒருக்கா சரி பாத்தியா?"

"இல்லீங்க. ஒரு பத்திய முழுசா உக்காந்து படிச்சேன்."

தூக்கிவாரிப் போட்டது. "பரீச்சையில உக்காந்து கதை படிச்சியா? ஏங் கண்ணு இப்படிப் பண்ணுனே? மார்க்குப் போயிருமே!" முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதான் வந்ததும் கேப்பீங்களே, அந்த ஆளுக்கு என்னாச்சுன்னு."

அதில் ஒருவர் தன் சோளக்காட்டில் கிணறு வெட்டுகிறாராம். ஏன் நிறுத்தினார் என்று கேள்வி. அவள் 'நிறுத்தினார்' என்ற சொல்லைத் தேடியிருக்கிறாள். மேல் வரியில் பாறை என்று இருந்திருக்கிறது. பாறை வந்ததால் என்று குறித்துவிட்டுப் போய்விட்டாள். திரும்ப வந்து முழுதும் படித்தால், பாறையை அவர் உடைத்துவிடுகிறாராம். அப்புறம் ஒரு நாள் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கிறார். அதனால்தான் நிறுத்துகிறார்.

"மாத்திப்போட்டேனுங்கம்மா. சார் சொன்னதும் தப்பில்ல. நேரம் மிச்சமானதாலதான் திரும்பிப் போக முடிஞ்சுது."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப மத்த பத்தியெல்லாம்?"

"அதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு," என்று சொல்லி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இடம் கிடைத்தது. போன வாரம் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். அழைத்தால் எடுக்கிறாள், சாப்பிட்டேன் என்கிறாள், அறைத்தோழி நல்லவள் என்கிறாள். எல்லாக் கேள்விக்கும் உடனே பதில். நான் கேட்கத் தெரியாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கைபேசியை வைக்கிறேன். அந்தக் கணினியில் அவள் படிக்காமல் கடந்து போன மனிதர்களுக்கு என்ன ஆனதென்று இன்னும் எனக்குத் தெரியாது.