வெள்ளிக்கிழமைக் கார் திருட்டு

கார் திருடி, ஆளை அடித்து, போலீசுக்குத் தண்ணி காட்டி ஊர் முழுக்கச் சுற்றுகிற அந்த வீடியோ கேம் மறுபடியும் வெளிவருகிறதாம். புது விளையாட்டுப் பெட்டிக்கு ஏற்ற மாதிரி மெருகேற்றியிருக்கிறார்களாம். என் மகன் உற்சாகமாகச் சொன்னான். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. பழைய சோற்றைப் புதுத் தட்டில் வைத்துப் பரிமாறுகிற இந்த வித்தையைத் தொண்ணூறுகளின் கடைசியிலேயே காரைக்குடியில் பார்த்துவிட்டேன். அதற்கான விலையை என் அம்மா கொடுத்தாள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அப்பா காலமாகி வெகுநாளாகியிருந்தது. அம்மா கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அதற்குள் நான் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே கவலை. என்னையும் சேர்த்து வேறு யாருக்கும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தாள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாதாம். நாங்கள் வேர்வையில் நனைந்து வந்தாலும் ஏசி எங்களுக்காக ஓடியதில்லை. எங்கள் மாஸ்டர் மதுரையிலிருந்து அந்த விளையாட்டை எடுத்து வந்து ஒரு மெஷினில் ஏற்றி வைத்திருந்தார். மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்ப்பது போல மேலிருந்து பார்க்கிற விளையாட்டு. கார்கள் தீப்பெட்டி அளவில் ஓடும். கண்ட காரை நிறுத்தி, உள்ளே இருப்பவனை இழுத்துப் போட்டுவிட்டு ஏறிக்கொள்ளலாம். வாடகை சைக்கிளுக்கே பெயரும் விலாசமும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த எங்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

ஒருநாள் மாலை அம்மா சென்டருக்கு வந்தாள், பையன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிக்க. செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததால் சத்தமே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் எனக்குப் பின்னால் நின்றாளோ.

"அந்தக் காருக்குள்ள யாருய்யா?"

"நான்தாம்மா."

"இப்ப ஒரு ஆள் மேல ஏத்திட்டுப் போனியே, அது?"

"அது யாரோ ஒரு ஆளும்மா."

"யாரோ ஒரு ஆளு," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். மாஸ்டரைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துப் புனிதர் சுரூபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்றால் மெழுகுவர்த்தி, மொட்டை, ஊருக்கே சோறு போடுகிற அசனம் என்று ஏதாவது இருக்கும். அம்மா கணக்கு டீச்சர் என்பதால் நேர்ச்சையையும் கணக்குப் போலவே வைத்தாள்.

"இவனுக்கு வேலை கெடைக்கிற வரைக்கும் நான் காபி குடிக்க மாட்டேன். இவன் கம்ப்யூட்டர்ல அந்தக் கார் திருடுற ஆட்டத்தத் தொட மாட்டான்." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுய்யா," என்றாள். சொன்னேன்.

அம்மாவுக்குக் காபி என்றால் என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விடிகாலையில் ஒரு டம்ளர், பள்ளிவிட்டு வந்ததும் ஒரு டம்ளர். முதல் டம்ளர் உள்ளே இறங்கும்வரை அவளிடம் யாரும் பேச முடியாது. அப்பா இருந்தவரை அவரும் பேசியதில்லை. நேர்ச்சை வைத்த வாரத்திலிருந்தே ஈரத்துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்தினாள். அந்த வருடம் அவளிடம் மாட்டிய பிள்ளைகள் பாவம். பள்ளிக்குப் போகிற வழியில் கல்லுக்கட்டியில் ஒரு காபித்தூள் கடை இருந்தது. காலையில் அரைக்கும்போது வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அம்மா அந்தத் தெருவை விட்டுவிட்டு, சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள்.

நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் இரண்டு தேர்வு எழுதினேன், இரண்டும் ஊற்றிக்கொண்டது.

அப்போதுதான் என் நண்பன் கூப்பிட்டு அனுப்பினான். செட்டியார் வீட்டுப் பையன், கல்லூரியில் என்னோடு படித்தவன். அவன் வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். நடுவில் பங்காளிகளுக்கு ஆளுக்கொரு அறை. எல்லாம் பூட்டிக் கிடக்கும், கல்யாணம் காரியம் என்றால்தான் திறக்கும். அவ்வளவு பெரிய வீட்டில் அவனும் அவன் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். சிங்கப்பூர் பங்காளி ஒருவர் டிவியோடு இணைத்து விளையாடுகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"மாப்ள, அதே ஆட்டம்டா. இப்ப இதுக்கும் வந்துருச்சு," என்றான்.

நான் சட்டென்று விழுந்துவிடவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். பெட்டியைக் கையில் எடுத்து நாலு பக்கமும் பார்த்தேன். கீபோர்டு இல்லை. மவுஸ் இல்லை. ஏசி வேண்டாம்.

"இது கம்ப்யூட்டர் இல்லேல்ல?"

"டிவில மாட்டுறதெல்லாம் கம்ப்யூட்டராடா?"

அம்மா புனிதரிடம் சொன்னது கம்ப்யூட்டரைப் பற்றி. அவள் கணக்கு டீச்சர், வார்த்தையை அளந்துதான் சொல்லியிருப்பாள். இப்படியெல்லாம் யோசித்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, புதுப் பெட்டியில் புதுசாக எதுவுமே இல்லை. அதே நகரம், அதே தீப்பெட்டிக் கார்கள், அதே யாரோ ஒரு ஆள். படம் வருவதற்கு முன்பைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு ஒரு சின்ன அட்டை செருக வேண்டுமாம். சிங்கப்பூர்க்காரர் அதைக் கொண்டுவர மறந்துவிட்டார். அதனால் பெட்டியை அணைத்தால் நாங்கள் செய்த குற்றமெல்லாம் போய்விடும். ஒவ்வொரு வாரமும் அப்பாவியாகப் புறப்பட்டு முதல் காரிலிருந்து திருடினோம்.

டிவி எங்களுக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமைகளில்தான். அன்று நாலு மணிக்கு அவன் அம்மா குன்றக்குடிக் கோயிலுக்குப் பஸ் ஏறிவிடுவார். நான் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். புறப்படும்போது தட்டு நிறைய சீடையும் மாவுருண்டையும் எடுத்து வைத்துவிட்டு, "தம்பி, ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுப் படிங்க. நான் வெளக்கு வைக்க வந்துருவேன்," என்பார். தேர்வுக்குச் சேர்ந்து படிக்கிறோம் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். என் வீட்டில் நான் வேறு மாதிரி சொன்னேன்.

"லைப்ரரிக்குப் போறேம்மா."

"போய்ட்டு வாய்யா," என்பாள் அம்மா. தலையில் ஈரத்துண்டு இருக்கும்.

இப்படிச் சில மாதங்கள். பிறகு நண்பனைச் சிங்கப்பூருக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். பெட்டியும் அவனோடு போனது. அந்த மாதங்களில் நான் எழுதிய தேர்வில்தான் தேறினேன். ஒழுங்காக இருந்த வருடம் தோற்றுவிட்டு, புனிதரை ஏமாற்றிய நாட்களில் தேறியது எப்படி என்று எந்தச் சாமியாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நேர்முகமெல்லாம் முடிந்து, வேலைக்கான உத்தரவு ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. தர்மபுரிப் பக்கம் ஒரு கிளை. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லுக்கட்டிக்குப் பறந்தேன். அப்போதுதான் அரைத்த தூளை வாங்கி வந்து, ஃபில்டரைக் கழுவி, நானே டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் காபி அது.

அம்மா டம்ளரை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"எனக்கு இன்னும் இருக்குய்யா."

"அதான் வேல கெடைச்சுருச்சேம்மா."

"என் பங்கு முடிஞ்சுருச்சு. ஒன் பங்கு இருக்குல்ல?"

எனக்கு விளங்கவில்லை. அம்மா சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கையால் காட்டினாள். "வெள்ளிக்கெழம லைப்ரரிக்கு லீவுய்யா. இத்தன வருசம் இந்த ஊர்ல டீச்சரா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

காலண்டரின் பழைய தாள்களைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி. மொத்தம் பதினாலு. எங்கே போனேன் என்பதையும் அவள் அறிந்திருந்தாள். ஆச்சியைக் குன்றக்குடி பஸ்சுக்கு நிற்கும்போது பார்த்திருக்கிறாள். "ஒங்க மகனும் எங்க மகனும் வாராவாரம் டிவி முன்னால ஒக்காந்து என்னமாப் படிக்கிறாக!" என்று ஆச்சி பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் தயாராக ஒரு வாதம் இருந்தது. வெட்கமில்லாமல் அதை எடுத்து வைத்தேன். "அது கம்ப்யூட்டர் இல்லம்மா. டிவில மாட்டுற பெட்டி. வேற."

"அதுல கார் திருடுனியா?"

"திருடுனேன்."

"ஆள் மேல ஏத்துனியா?"

"ஏத்துனேன்."

"அப்பறம் என்னய்யா வேற பெட்டி?"

"அன்னைக்கே ஏம்மா கேக்கல?" என்றேன்.

"கேட்டா இன்னொரு பொய் சொல்லிருப்ப. பரீட்ச நேரத்துல அது வேறயா?" என்றாள். "பதினாலு வெள்ளி நீ தப்பிட்ட. பதினாலு வாரம் நான் இருந்துக்குறேன். நீ வேலையப் பாரு." குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

அந்தக் காபியை நான்தான் குடித்தேன். கிளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மாவின் பதினாலு வாரம் முடியும்வரை நானும் காபியைத் தொடவில்லை. பதினோரு மணிக்குக் காபி வரும்போதெல்லாம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மேனேஜர் என்னை ஏதோ பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாக நடத்தினார். நான் திருத்தவில்லை.

பதினாலு வாரம் முடிந்த மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"குடிச்சியாம்மா?"

"குடிச்சேன்யா. காலையில போட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"



"கசக்குதுய்யா. சீனிய அள்ளிப் போட்டும் பாத்துட்டேன். ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. மிச்சத்த ஊத்திட்டேன். விட்டுப் போச்சு போல, விடு."

அதற்குப் பிறகும் அம்மா பல வருடம் இருந்தாள். லீவில் நான் போகும்போதெல்லாம் எனக்கு ஃபில்டரில் காபி இறக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் எடுத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். அந்தக் காபியை நான் ஒரு நாள்கூட நிம்மதியாகக் குடித்ததில்லை.