மஞ்சள் கறையும் புது மெஷினும்

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு மஞ்சளை அரைத்துக் காட்டுவது என் வேலை. உடுப்போ வெள்ளைச் சட்டை. வாரக் கடைசியில் அதைக் கல்லில் அடித்தே என் தோள்பட்டை போய்விடும். அதனால் முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் வீட்டுக்கு வந்த நாளில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று ஹயர் ஓட்டக்கூடப் போகாமல் மெஷினுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று சட்டையைப் போட்டு, கையால் துவைக்கிற சோப்புத்தூளை இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

"சுத்துது பாருங்க! சுத்துது!"

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க நுரை. தூள் போடுகிற தட்டு வழியாகவும் நுரை பொங்கித் தரைக்கு வந்தது. மெஷின் பாதியில் நின்று, விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு வழியாகத் தண்ணீரை வடித்துக் கதவைத் திறந்தால், கல்லில் துவைக்கும்போது சோப்புப் பட்டு லேசாகச் சிவக்கிற மஞ்சள் கறை இப்போது இரத்தச் சிவப்பு!

எனக்கு அழுகை வந்துவிட்டது. கறைக்குத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, நல்லதென்று நினைவு வர, பேசினில் சட்டைகளைப் போட்டு நாலைந்து காயைப் பிழிந்தேன். சிவப்பு அப்படியே மஞ்சளாகத் திரும்பியது.

"வழி கண்டுபிடிச்சிட்டேங்க! இனி ப்ளீச் போட்டா சரி!" என்று கத்திக்கொண்டே போத்தலைக் கவிழ்த்தேன்.

குப்பென்று ஒரு நெடி. கண் எரிந்தது, தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருமல். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

மாத்தளை டவுனில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிற என் அண்ணிக்கு அங்கிருந்தே போன் பண்ணி, நுரையிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"தேசிக்காயோட ப்ளீச்சா? ஐயோ புள்ள, அது விஷக் காத்து! உள்ள போகாத. கதவெல்லாம் திறந்தே கிடக்கட்டும். நான் பஸ்ஸ பிடிச்சு வாறேன். மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அண்ணி வருவதற்குள் இருமல் அடங்கிவிட்டது. நெடி முழுக்கப் போன பிறகு அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், பேசினில் நிறையத் தண்ணீர் விட்டு வெளியே கொட்டினார். சட்டைகளைப் பல தண்ணீரில் அலசினார். மெஷினைத் துணியில்லாமல் வெறும் தண்ணீரில் இரண்டு தரம் ஓட்டி நுரையைப் போக்கினார்.

"இந்த மெஷின் கொஞ்சத் தண்ணியிலதான் துவைக்கும். அதுக்குன்னு நுரை கம்மியான தூள் இருக்கு. ரெண்டு கரண்டி போதும். ப்ளீச்ச துணி மேல ஊத்தாத, தட்டுல அதுக்குன்னு இருக்கிற குழியில மூடியால அளந்து ஊத்து. தேசிக்காய், வினாகிரி, கக்கூஸ் கழுவுற மருந்து, ஒன்னும் அதோட சேரக்கூடாது."

பிறகு சட்டையின் உள்பக்கம் தைத்திருந்த சின்ன லேபல் துண்டைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு முக்கோணம். "முக்கோணத்துக்குக் குறுக்கால கோடு போட்டிருந்தா ப்ளீச் போடக்கூடாது. இதுல கோடு இல்ல."

கையோடு கொண்டுவந்த தூளை அளந்து போட்டார். ப்ளீச்சை நான் மூடியால் அளந்து குழியில் ஊற்றினேன். மூன்று பேரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். இந்த முறை கண்ணாடியில் நுரை மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. மணி அடித்ததும் கதவைத் திறந்து சட்டையை உதறினேன். பளிச்! கறை இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணி, இன்னொன்னு போடுவமா?"

"போடு, போடு!"

தலையணை உறை, என் வீட்டுக்காரரின் வேட்டி, அலமாரியில் மடித்திருந்த வெள்ளை மேசைவிரிப்பு என்று ஒவ்வொன்றாக முக்கோணம் பார்த்துப் பார்த்து எடுத்தோம். துண்டே தைக்காததை ஒதுக்கி வைத்தோம். அண்ணி கடைசி பஸ்ஸைப் பற்றி இரண்டு தரம் கேட்டார், ஆனால் எழுந்திருக்கவில்லை.