மழைக்குச் சாட்சி சொன்னவள்

புளித்த ரப்பர் பாலின் வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசம், போன வாரம் கஹவத்தை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. எனக்கு உடனே எட்டு வயதாகிவிட்டது. ஞாயிறு பள்ளி... பிசுபிசுத்த விரல்களால் பாட்டுப் புத்தகம் புரட்டும் பிள்ளைகள்...

திரும்பினால், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. ஜெபமணி.

மடியில், பழைய துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி. சாணை பிடித்துக்கொண்டு திரும்புகிறாளாம். போன வருடம்தானே இவளைக் கங்காணி ஆக்கினார்கள்? அந்தத் தோட்டத்தின் முதல் பெண் கங்காணி. வேலை வாங்குகிறவளுக்குக் கத்தி எதற்கு?

சிரித்தாள். பிறகு சொன்னாள்.

ரப்பர் மரத்துச் சிரட்டையில் மழை விழுந்தால் அந்தப் பாலைச் சேர்க்கக் கூடாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழை பெய்த ஒரு நாள், நிறை குறைந்துவிடுமென்று ஃபீல்ட் ஒஃபிசர் ஐயா எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னார். ஜெபமணி அதை அப்படியே பெண்களிடம் சொன்னாள். அவர்களில் லெச்சுமி பால் வெட்டும் மலை திறந்த சரிவு. அவள் வாளியில்தான் தண்ணீர் அதிகம். தோட்டத் துரை சோதித்துப் பார்த்துக் கோபப்பட்டபோது ஐயா சுலபமாக ஒரு விரலை நீட்டினார் — இவள்தான் தண்ணீர் கலந்தாள்.

விசாரணை வைத்தார்கள். லெச்சுமியின் வேலை போகும் நிலை. சாட்சி, கங்காணி ஜெபமணி. முந்தின நாளே ஐயா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "கலந்ததப் பாத்தேன்னு ஒரு வார்த்த. ஒங் கங்காணி வேலைக்கு ஒண்ணும் வராது."

இந்த லெச்சுமி யார் தெரியுமா? ஜெபமணிக்கு அடுத்த காம்பரா; இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சாயந்தரம் ஜெபமணி பாடத் தொடங்கினால் சுவரைத் தட்டுகிறவள். அல்லேலூயா அக்காவுக்குத் தொண்டை வத்தாதா என்று பைப்படியில் கேட்டு, எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள்.

ஒரு வார்த்தை போதும். வேலையும் நிலைக்கும், சுவரும் அடங்கும். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? நான் ஆபீஸ் கன்டீனில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதையே, தலைவலி மாதிரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு செய்கிறவன்!

துரை சிங்களவர். மொழிபெயர்க்க வழக்கம்போல ஐயாவே நின்றார். ஜெபமணி அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை. நேராகச் சிங்களத்திலேயே சொன்னாள். பஸ்ஸில் அதை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"தண்ணி இவ ஊத்தலைங்க தொரை. மழை ஊத்துச்சு. சேர்க்கச் சொன்னது ஐயா. அதக் கேட்டுக்கிட்டு இவங்களச் சேர்க்கச் சொன்னது நான்."

லெச்சுமியின் வேலை தப்பியது. தவறை ஒப்புக்கொண்ட ஒரே ஆளின் கங்காணி வேலை போனது. உச்சி மலை, அட்டைக்கடி, கையில் மறுபடி கத்தி. ஐயா? அங்கேயேதான் இருக்கிறார். புருஷன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது, கோயில்ல சொல்ற சாட்சி பத்தாதா, ஆபீஸ்லயும் சொல்லணுமா என்றாராம்.

நல்ல கேள்வி. ஜெபக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லும் சாட்சியில் நாம் எதை இழக்கிறோம்? கைதட்டல் வேறு கிடைக்கிறது...

வேலை போன மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு அவளை உச்சி மலைக்கு அனுப்பினார்கள். தலை குனியாமல் நடந்தாள். பின்னால் வாளிச் சத்தம். லெச்சுமி! தன் மலையை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, உச்சி மலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். பாதி ஏற்றத்தில் எட்டிப் பிடித்தாள். பிறகு லெச்சுமிதான் ஆரம்பித்தாள்.

"என்னா அல்லேலூயா அக்கா, இன்னிக்குப் பாட்டக் காணோம்? இங்க தட்டுறதுக்குச் செவருகூட இல்லீங்களே."

பாடினாள். மழை கழுவிய மரங்கள் வரிசை வரிசையாய் நின்று கேட்க, வெட்டிய கோடுகளில் வெள்ளையாய்ப் பால் இறங்க, மலை நிறையப் பாடினாள். கீழ் மலையிலிருந்து பெண்கள் கூவினார்களாம் — சத்தமாப் பாடுங்க, கங்காணியம்மா! வேலை பறிபோன பிறகுதான் அந்தப் பெயர் அவளுக்கு நிலைத்திருக்கிறது.

அவள் இறங்கும் சந்தி வந்தது. கவலையே இல்லையா என்று கேட்டேன். கத்தியை அணைத்துக்கொண்டு, மிதிபலகையில் நின்று திரும்பினாள்.

"இருக்குங்கண்ணே. ரெண்டாவது சரணத்த லெச்சுமி இன்னும் தப்பாத்தான் பாடுறா. வரட்டுங்களா?"