சண்முகத்தாய்க்கு எடுத்த கோடி

மேஜர் தங்கபாண்டிக்கு வீரச்சக்கரம் கிடைத்தது எழுபத்தோராம் வருசப் போரில். எதிரியின் பதுங்குகுழிக்குள் அவர் தனியாளாகப் புகுந்ததைச் சொந்த ஊர்க் கெங்குவார்பட்டிக்காரர்கள் விடிய விடியச் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் அன்று அவர் கண்முன் நின்றது எதிரி இல்லை, மார்க்கையன்கோட்டை பேச்சிமுத்துவின் மூஞ்சி. தங்கச்சி புருசன். பாவிப்பயல்!

அறுபத்தைந்தில் தங்கச்சி சண்முகத்தாய் தலைப்பிரசவத்தில் செத்தபோது, அவர் பஞ்சாப் எல்லையில் புது லெப்டினன்ட். துட்டி சொல்லிக் கெங்குவார்பட்டிக்கு ஆள் வந்ததே மறுநாள்தான். செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழாமல் நம் பக்கத்தில் பாடை எடுப்பார்களா? ஜென்மப் பகையாளிகூட அதற்குக் காத்திருப்பான். அப்பா ராக்கையா தேனியில் சிவப்புச் சேலை எடுத்துக்கொண்டு, பஸ் மாறி அங்கே போய் இறங்கினால், மகள் சாம்பலாகிக் கிடந்தாள். "நேரமாயிருச்சு மாமா" என்றானாம் பேச்சிமுத்து, பல்லைக் குத்திக்கொண்டே.

எடுத்த கோடியை வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. ராக்கையா அதைத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்துப் பார்த்தே மனுசன் உருகி, அடுத்த வருசம் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு லீவில் வந்த மகன் சேலையை உதறி மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

"ஏலே, அது சாவுச் சீலைடா! அதையா பட்டாளத்துக்குக் கொண்டு போற?" ஆத்தா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"விழவேண்டிய இடத்துல இது விழுகாம எனக்குச் சாவு வராது ஆத்தா."

வரவும் இல்லை. காஷ்மீர் பனியிலும் அஸ்ஸாம் மழையிலும் அந்தப் பெட்டி கூடவே போனது. டெல்லியில் நெஞ்சில் பதக்கம் குத்தியபோதும் அவர் நினைப்பு பெட்டியில்தான் இருந்தது.

எழுபத்துமூன்றில் அவர் லீவுக்கு வந்திருந்தார். அதற்குள் பேச்சிமுத்து இரண்டாம் கல்யாணம் முடித்து, பஞ்சாயத்துத் தலைவராகி, மாட்டுவண்டிப் பந்தயக் கோப்பைகளை வீடு நிறைய அடுக்கி வைத்திருந்தான். வெட்கங்கெட்டவன், நேரில் வந்து இளித்தான். "மச்சான் கையால ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கொடி ஏத்தணும்னு ஊரே ஆசைப்படுது."

"கட்டாயம் வாரேன்" என்றார் மேஜர்.

அன்று காலை ஊர்மந்தையில் மாலையோடு பேச்சிமுத்து ஜீப்பை எதிர்பார்த்து நின்றான். ஜீப் வரவில்லை. தெருமுனையில் சாவுக்கொட்டு கேட்டது. சங்கு ஊதியது. பின்னால் முழு யூனிபார்மில், நெஞ்சில் பதக்கம் மின்ன, கையில் தாம்பாளத்தோடு மேஜர் நடந்து வந்தார். தாம்பாளத்தில் அந்தச் சிவப்புச் சேலை.

கோடி தெருவுக்குள் வந்துவிட்டால் பொம்பளைகள் அழுது எதிர்கொள்ள வேண்டும். வாய் பொத்தி நின்றால் தெருவுக்கே ஆகாது. கூட்டம் திகைத்துக் கிடக்க, முதலில் வந்தவள் பேச்சிமுத்துவின் பக்கத்து வீட்டு ராக்கம்மாள். மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆத்தா சண்முகத்தாயி! வலி பொறுக்காம ராவும் பகலும் கத்துனியே! வண்டி கட்டச் சொல்லிக் கால்ல விழுந்தியே! பந்தய மாடு களைச்சுப் போகும்னு உம்புருசன் கட்டலையே! சின்னமனூரு ஆசுபத்திரி இந்தா இங்கனதானே இருக்கு! உங்கப்பாரு வந்து கேள்வி கேப்பாகன்னு விடியுமுன்ன எரிச்சானே! வாயத் தொறந்தா வெட்டுவேன்னு எங்களையும் அடக்குனானே!"

மற்ற பொம்பளைகளும் அவளோடு சேர்ந்து கதறினார்கள். இத்தனை வருசம் அடக்கி வைத்த அழுகை.

என்னவோ நடந்திருக்கிறது என்று மேஜருக்கு முன்பே தெரியும். மாட்டுக்காக என்பது இப்போதுதான் தெரியும். கோடியை ஊரறிய அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்றுதான் வந்திருந்தார். இப்போது மனசு அதோடு அடங்குவேனா என்றது. தாம்பாளத்தை ராக்கம்மாளிடம் கொடுத்தார். சேலையை விரித்தார். ஒரே உதறல்.

"உடம்ப நீ எரிச்சுப்புட்ட. எடுத்த கோடி யாருக்காச்சும் விழுகணும்ல? இந்தா, உனக்கே விழுகட்டும்."

உயிரோடு நின்றவனுக்குக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினார். சங்குக்காரர் கேட்காமலே ஒருமுறை ஊதினார். பேச்சிமுத்துவுக்குச் சேலையை எடுத்து எறியக்கூடக் கை வரவில்லை.

"கொடிய ராக்கம்மாக்கா ஏத்தட்டும்" என்றார் மேஜர். அவள் அழுதுகொண்டே கயிற்றை இழுத்தாள். அவர் சல்யூட் அடித்தார்.

அதன்பிறகு பேச்சிமுத்து டீக்கடைக்கு வந்தால் பெஞ்சு காலியானது. அவன் மாட்டோடு ஜோடி சேர்த்து ஓட்ட ஒருத்தனும் வரவில்லை. பதவியும் போனது. மேஜர் ரிட்டயராகி வந்து கெங்குவார்பட்டியில் மாமரம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

எண்பத்துநான்கில் பேச்சிமுத்து செத்தான். இரண்டாவது பெண்டாட்டியின் அண்ணன்மார் கொட்டோடு கோடி எடுத்துத் தெருமுனைக்கு வந்தார்கள். பொம்பளைகள் அவரவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு எதுக்காம்?" என்றாள் ராக்கம்மாள், குரலை அடக்காமல். "அந்தாளுக்குத்தான் மேஜரு அப்பவே போட்டுட்டுப் போயிட்டாகளே!"

ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.