ஊற வேண்டிய படகு

ஓசூர் வெயிலில் என் மரப் பாய்மரப் படகு காய்ந்து, பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ஏரிக்கரையோரம் இரண்டு நாள் அதை மூழ்கவிட்டால் மரம் ஊறிப் பருத்து, இடைவெளி தானே அடைபடும். வருடாவருடம் இதே தொல்லை. இம்முறை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். மனைவிக்கு அத்தனை சந்தோஷம். வாங்க வந்த பெங்களூர்க்காரர் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார்.

“என்ன சார், முழுகிக் கெடக்குது! இதையா விக்கிறீங்க?”

“ஊறுதுங்க. நாளைக்கு மிதக்கும்.”

“ஊற வெக்க அரிசியா சார்?”

“நல்லா கேளுங்கண்ணா,” என்றாள் மனைவி.

மறுநாள் அவர் மறுபடியும் வந்தார். தண்ணீரை இறைத்துப் பாயை ஏற்றினோம். ஒரு சொட்டும் கசியவில்லை. காற்று பிடித்ததும் படகு லேசாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் ஓடியது.

“ஃபைபர் போட்ல இது வராது சார். எடுத்துக்கறேன்,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வார்னிஷ் செலவு, கரையான், உளுத்துப்போகும் அடிப்பலகை என்று ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினேன். கரை சேர்வதற்குள் அவர் மனம் மாறிவிட்டது.

“என்ன சொல்லித் தொலைச்சீங்க அவருகிட்ட?” என்றாள் மனைவி.

“உள்ளதத்தான் சொன்னேன்.”